மிதிதொட்டியின் நாலாவது இடம்

ஹெப்கில் ஓடை உறைந்த அன்று ஊரே விடியுமுன் எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஆலையின் சம்மட்டிகள் இரவும் பகலும் 'தொம் தொம்' என்று ஈரத் துணியை இடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய ஜனங்கள். திடீரென்று அது நின்றுபோனால் தூக்கம் எங்கிருந்து வரும்? நீர்ச்சக்கரத்தில் பனிக்கட்டி தாடி தாடியாகத் தொங்கிற்று. ஆலைக்காரர் ஒபதியா அதைச் சுற்றிச் சுற்றி வந்து திட்டித் தீர்த்தார்.

அந்த ஆலைக்கு அங்கே பெயர் 'வாக் மில்'. நடக்கிற ஆலையா என்று வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும், அவனுக்கென்ன தெரியும்? தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்கும். காற்றும் புகும், மழையும் புகும். அதை ஈரத்தில் போட்டு மிதி மிதி என்று மிதித்துச் சுருக்கி இறுக்கினால்தான் உடம்பில் போடலாம். அந்த மிதியைத்தான் இந்த மலைப்பக்கத்து ஆட்கள் 'வாக்' என்றார்கள். மிதிப்பவன் வாக்கர். ஹெப்கில் கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல்லில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆலை வந்தபின் காலுக்கு ஓய்வு. ஆனால் ஓடை உறைந்துவிட்டால் பழையபடி கால்தான் கதி.

ஊரில் பழைய கல் தொட்டி மிஞ்சியிருந்தது ஹெஸ்டர் வாக்கரின் கொட்டகையில் மட்டும். அன்று காலை ஒபதியாவும் அவர் மனைவி டைனாவும் தேடி வந்தபோது ஹெஸ்டர் அடுப்பில் ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் வாயைத் திறக்குமுன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது, அவர்கள் கேட்கப்போவது தொட்டியை மட்டுமல்ல என்று.

"தண்ணி இளகுற வரைக்கும் காத்திருக்க முடியாதும்மா," என்றார் ஒபதியா. "உன் துணி எண்ணெய்ச் சிக்கோட கிடக்கு. இன்னும் ரெண்டு நாள் போனா நாறிடும். இன்னைக்கே மிதிச்சுடலாம். நீ, டைனா, உன் கொழுந்தன் ஏனக், மூணு பேரு ஆச்சு. நாலாவது இடத்துக்கு என்ன பண்ற?"

தொட்டியில் நாலு இடம். மேலே உத்தரத்திலிருந்து நாலு கயிறுகள் தொங்கும். இடத்துக்கு ஒன்று, பிடித்துக்கொண்டு மிதிக்க. நாலாவது கயிறு ஹெஸ்டரின் புருஷன் ஜோனாஸுடையது. ஜோனாஸ் அறுப்பு முடிந்த கையோடு துணி மூட்டையை மட்டக்குதிரையில் ஏற்றிக்கொண்டு ஹாலிஃபாக்ஸ் சந்தைக்குப் போனவன்தான். மட்டக்குதிரை மட்டும் திரும்பி வந்தது. மேட்டுச் சதுப்பில் விழுந்து செத்தான் என்றது பாதி ஊர். லிவர்பூல் துறைமுகத்தில் ஒரு வண்டிக்காரன் அவனைப் பார்த்தான், கப்பலேறி அமெரிக்கா போய்விட்டான் என்றது மீதி ஊர். யார் சொல்வது நிஜம் என்று தெரியாமல் ஹெஸ்டர் விதவைக் கறுப்பும் உடுத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. இத்தனை நாள் ஆலை ஓடியது, அவளையும் யாரும் கேட்கவில்லை. இப்போது பனி வந்து கேட்டுவிட்டது.

ஏனென்றால் அந்த ஊரில் தொட்டிக்கு ஒரு முறை உண்டு. இடத்துக்காரன் உயிரோடு வெளியூர் போயிருந்தால் அவன் கயிற்றைச் சுருட்டி முடிச்சுப் போட்டு வைப்பார்கள். வருவான் என்று அர்த்தம். செத்திருந்தால் துணி நனையுமுன்பே வேறொருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துவிட வேண்டும். முடிச்சும் போடாமல், ஆளும் நிற்காமல் கயிற்றைச் சும்மா தொங்கவிடக் கூடாது. செத்தவன் வந்து மிதிப்பான்.

"முடிச்சுப் போடுங்க அண்ணி," என்றான் ஏனக். ஜோனாஸின் தம்பி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருப்பவன். பேச்சைக் கேட்டு வாசலில் வந்து நின்றிருந்தான். "அண்ணன் வருவான்."

"வருவானாம்! உயிரோட இருந்தாலும் அங்க எவளோடயோ குடித்தனம் பண்ணிட்டு இருப்பான், இங்க வருவானா?" என்றாள் டைனா. "செத்துட்டான்னு வச்சுக்கோ ஹெஸ்டர். எங்க வீட்டுக்காரர் ஏறி நிக்கட்டும். உனக்கும் ஒரு முடிவு வேணும்ல?"

முடிவுதான் வேண்டும். அதுதான் ஹெஸ்டருக்கு ராப்பகலாக வேண்டியிருந்தது. பிள்ளையைப் புதைத்த ஈரம் காயுமுன் ஒரு மனுஷன் பெண்டாட்டியைத் தனியே விட்டுவிட்டு ஓடுவானா? ஆமாம், இவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது. டாபி, ஆறு வயசு. அறுப்பு நேரத்தில் வந்த காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போன மறுவாரமே ஜோனாஸும் காணாமல் போனான். பிள்ளைக்கு அழ உட்கார்ந்த ஹெஸ்டருக்கு அதற்குள் புருஷன்மேல் ஆத்திரம் மூண்டுவிட்டது. அந்த ஆத்திரம் பாழாய்ப்போகட்டும், வந்த கண்ணீரையெல்லாம் அதுவே குடித்துவிட்டது.

"கயிறு தொங்கட்டும்," என்றாள்.

டைனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மார்பில் கைவைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

"உயிரோட இருந்தா ஒண்ணும் நடக்காது. நிம்மதியா சபிச்சுட்டுக் கிடப்பேன். செத்திருந்தா வருவாரு. வந்தா, அவரு என்னை விட்டுட்டு ஓடலைன்னு ஆகும்ல?" அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "எனக்கு அது தெரிஞ்சாகணும். என் தொட்டி, என் துணி. பயமா இருக்கிறவங்க வீட்டுக்குப் போங்க."

யாரும் போகவில்லை. பயமில்லாமலா? பயம்தான். ஆனால் ஜோனாஸ் கதை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஊரில் யாருக்குத்தான் ஆசையில்லை?

மத்தியானம் தொட்டியை நிரப்பினார்கள். வெந்நீர், களிமண், வீடு வீடாகச் சேர்த்த பழைய மூத்திரம். அழுக்கையும் எண்ணெயையும் எடுக்க அதை விட்டால் வேறில்லை. அதிலும் சாராயம் குடிக்காத பக்திமான்கள் வீட்டு மூத்திரம்தான் உசத்தி என்று ஒபதியா எப்போதும் சொல்லுவார், அன்றும் சொன்னார், அன்று யாரும் சிரிக்கவில்லை. துணியை உள்ளே இறக்குமுன் ஹெஸ்டர் நாலாவது கயிற்றின் எதிரே நின்றாள். ஆள் உயரத்துக்கு மேலிருந்து தொங்கிய அந்தக் கயிற்றில் கீழே இடுப்பளவில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. அது முறைக்காகப் போட்ட முடிச்சு இல்லை, ஜோனாஸ் போன வருஷம் ஏதோ விளையாட்டாகப் போட்டது. ஹெஸ்டர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மேலே பார்த்துச் சொன்னாள்:

"ஜோனாஸ் வாக்கர், உன் இடம் காலியா இருக்கு. காலு இருந்தா வா."

மூன்று பேரும் ஏறினார்கள். ஹெஸ்டரும் ஏனக்கும் ஒரு பக்கம். எதிரே டைனா, அவள் பக்கத்தில் வெறும் கயிறு. பெண்கள் பாவாடையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, ஏனக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, இடது வலது இடது வலது என்று மிதிக்கத் தொடங்கினார்கள்.

மிதியில் ஒரு விஷயம் உண்டு. கால் படும் இடத்தில் துணி அமுங்கும், படாத இடத்துக்கு ஒதுங்கிப் போய்க் குவியும். கொஞ்ச நேரத்தில் நாலாவது இடத்தில் துணி மடிப்பு மடிப்பாக எழும்பி, தொட்டி விளிம்புக்கு வந்துவிட்டது. ஒபதியா ஒரு கழியால் அதைத் தள்ளித் தள்ளிவிட்டார். ஹெஸ்டர் அந்தக் குவியலைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

நடுவில் புதிதாக வந்த பாதிரியார் எட்டிப் பார்த்தார். பெல்லம் என்று பெயர், தெற்கத்திக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றார். காலால் மிதிப்பதை அவர் பார்த்ததில்லையாம்.

"இதைத்தானே நீங்க 'வாக்'ங்கிறீங்க? நான் படிக்கிறப்போ இந்தச் சொல்லைத் தேடிப் பாத்திருக்கேன். ரொம்பப் பழைய புஸ்தகங்கள்ல இதுக்கு நடக்கிறதுன்னே அர்த்தம் இல்ல. புரள்றது, உருள்றது. கடல் அலை புரளுது பாருங்க, அதுக்குத்தான் சொல்லுவாங்க. அப்புறம் துணியைப் புரட்டி மிதிக்கிறதுக்கு வந்துச்சு. காலால போறதுக்கு எப்படி வந்துச்சுங்கிறதுல படிச்சவங்களுக்குள்ளயே தகராறு."

"ஆக, நாங்க மூத்திரத்துல புரள்றோம்னு ஆக்ஸ்ஃபோர்டுல சொல்லிக் குடுத்தாங்களா?" என்றாள் டைனா மிதிப்பதை நிறுத்தாமல். "நல்ல படிப்புதான். வாங்களேன் ஐயா, ஒரு கயிறு காலியாத்தான் இருக்கு!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பாதிரியாருக்கு அது விளங்கவில்லை. "செத்தவங்க நடமாடுறாங்கன்னு சொல்றதுக்கும் இங்க இதே சொல்தானே?" என்று சிரித்தபடி கேட்டுப் பார்த்தார். ஒபதியா கழியால் குவியலைத் தள்ளினார். நாற்றம் தாங்காமல் அவரும் கிளம்பிவிட்டார்.

புரள்வது என்று அவர் சொன்னது ஹெஸ்டரின் நெஞ்சில் முள்ளாகக் குத்திவிட்டது. காய்ச்சலில் டாபி படுக்கையில் அப்படித்தான் புரண்டாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். புரண்டு புரண்டு ஓய்ந்த குழந்தை. ஹெஸ்டர் தலையை உதறிக்கொண்டாள். இது ஜோனாஸுக்காகத் திறந்த இடம், பிள்ளையை நினைக்க இதுவா நேரம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு வேகமாக மிதித்தாள்.

குளிர்காலத்து வெயில் கொட்டகைச் சன்னலைவிட்டு இறங்கத் தொடங்கியது. ஒபதியா கழியை எடுத்துக்கொண்டு குவியலைத் தள்ளப் போனார், போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

நாலாவது இடத்தில் குவியல் இல்லை. துணி தட்டையாகக் கிடந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஒரு குழி விழுந்தது, நிரம்பியது, பக்கத்தில் இன்னொரு குழி விழுந்தது. தண்ணீர் 'சளக்' என்றது.

"கர்த்தாவே," என்றாள் டைனா. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் கால்கள் நிற்கவில்லை. ஆரம்பித்த மிதியை நடுவில் நிறுத்தக் கூடாது என்று அந்த ஊர்க் கால்களுக்கே தெரியும்.

ஏனக் குழந்தை மாதிரி அழுதான். "அண்ணா... அண்ணா, உன்னை என்னென்னவோ பேசினோமே!"

ஹெஸ்டர் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்! கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "செத்துட்டாரு! பாத்தியா டைனா, செத்துட்டாரு! என்னை விட்டுட்டு ஓடலை!" புருஷன் செத்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட பெண் அந்தப் பள்ளத்தாக்கில் அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது அவளுக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம் அடங்கவில்லை. கட்டிய மனுஷன் தன்னை வேண்டாம் என்று போகவில்லை. இந்த ஒன்று போதுமே, மீதி ஆயுசை ஓட்டிவிடலாமே!

"ஜோனாஸ்," என்று கூப்பிட்டுக்கொண்டே மிதித்தாள். "ஜோனாஸ், குளிருதா உனக்கு?"

அப்போதுதான் அவள் காது விழித்தது.

ஜோனாஸ் கனத்த ஆள். அவன் ஏறி மிதித்தால் தொட்டியே அதிரும். எதிரே நிற்பவர் முழங்கால் வரை தெறிக்கும். இந்த மிதியில் அதிர்வே இல்லை. இவர்கள் மூன்று பேரின் கால்களும் ஒன்றாக இறங்கின. அந்த நாலாவது மிதி மட்டும் ஒட்டாமல் நடுநடுவே விழுந்தது. இவர்கள் ஒரு மிதி மிதித்தால் அது இரண்டு. சளக் சளக். சளக் சளக். சின்னக் கால், எட்டிப் பிடிக்கத் தவித்துக்கொண்டு ஓடி வருகிற கால்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகும் கல் பாதையில் ஹெஸ்டர் ஒரு எட்டு வைத்தால் பக்கத்தில் இரண்டு எட்டு கேட்கும். சின்ன மரச் செருப்பு, டக் டக், டக் டக். "சீக்கிரம் வாடி, மணி அடிச்சாச்சு," என்று ஹெஸ்டர் கையைப் பிடித்து இழுப்பாள். ஒரு நாளாவது ஹெஸ்டர் மெதுவாக நடந்தாளா? இல்லை. எப்போதும் ஏதாவது அவசரம், எப்போதும் இழுப்பு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாலாவது கயிறு மேலே தொய்ந்து தொங்கவில்லை, விறைத்து நின்றது. அதை இழுத்துப் பிடித்திருந்தது எதுவோ, அது பிடித்திருந்த இடம் இடுப்பளவில் இருந்த அந்தச் சின்ன முடிச்சு.

போன பனியில் போட்ட முடிச்சு அது. தொட்டியோரம் நின்றுகொண்டு டாபி கெஞ்சினாள். "நானும் மிதிக்கிறேம்மா. எனக்கு எப்போம்மா இடம்?" ஜோனாஸ் சிரித்துக்கொண்டே தன் கயிற்றில் அவளுக்கு எட்டுகிற உயரத்தில் முடிச்சுப் போட்டான். ஹெஸ்டர்தான் விரட்டினாள்: "அடுத்த பனிக்கு. இப்போ ஓரமாப் போ, காலைச் சுத்தாத."

அடுத்த பனி வந்துவிட்டது. சொன்னபடி பிள்ளையும் வந்துவிட்டாள். தொட்டியில் இடம் உள்ளவர்களை மட்டுமே செத்தவர், இருப்பவர் என்று எண்ணிப் பார்க்கிற ஊர் அது; வாக்குக் கொடுத்த இடத்தையும் எண்ண வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பெற்றவளுக்கே தோன்றவில்லையே!

"ஐயோ, என் கண்ணே," என்றாள் ஹெஸ்டர். புதைத்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. டைனாவுக்கும் அந்த முடிச்சைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவளும் ஓவென்று அழுதாள். ஏனக்குக்கு மட்டும் புரியவில்லை. அண்ணா அண்ணா என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒபதியா துணியின் ஓரத்தைத் தூக்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். "போதும். பதம் வந்தாச்சு. இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க. ஹெஸ்டர், நீ திறந்த இடம், நீதான் மூடணும். 'நடந்தது போதும், கால் ஆறட்டும்'னு சொல்லிட்டு இறங்கு."

டைனா இறங்கினாள். ஏனக் இறங்கினான். ஹெஸ்டர் இறங்கவில்லை.

"அண்ணி, துணி வீணாப்போயிடும்! இதுக்கு மேல மிதிச்சா சுருங்கிப் பலகையாயிடும். பாதிக் குளிர்காலம் நெய்த துணி அண்ணி!"

"போகட்டும்," என்றாள் ஹெஸ்டர்.

அவள் மிதித்தாள். ஆனால் இப்போது தன் எட்டைக் குறைத்துக்கொண்டாள். பெரிய கால், கனத்த கால், அவசரத்திலேயே பழகிய கால். அதைச் சின்னதாக வைப்பது லேசாக இல்லை. இரண்டு முறை தடுமாறினாள். பிறகு வந்துவிட்டது. சளக், சளக், சளக், சளக். அந்தப் பக்கக் காலும் இந்தப் பக்கக் காலும் ஒன்றாக இறங்கின. யாரும் யாரையும் இழுக்கவில்லை, யாரும் யாரையும் எட்டிப் பிடிக்க ஓடவில்லை. காலடியில் துணி சுருங்கிச் சுருங்கி விளிம்பைவிட்டு விலகிக்கொண்டே வந்தது. ஒரு ஆளுக்குக் கோட்டு தைக்கும் அகலம் போய், பிள்ளைக்குக் கோட்டு தைக்கும் அகலமும் போயிற்று.

கடைசியில் மிதிக்க ஒன்றும் இல்லாமல் போனதும் அவள் நின்றாள். அந்தப் பக்கமும் நின்றது.

"சொல்லும்மா," என்றார் ஒபதியா மெல்ல. "வார்த்தையைச் சொல்லிடு."

ஹெஸ்டர் ஒரு காலைத் தூக்கித் தொட்டிக்கு வெளியே வைத்தாள்.

"சொல்லிட்டு இறங்குடி!" டைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாம இறங்கினா அது உன் பின்னாடியேதான் நடக்கும். ஆயுசு முழுக்க. அது உனக்கும் ஆகாது, அந்தப் புள்ளைக்கும் ஆகாது."

"அவ காலு இன்னும் ஓயலை டைனா. ஓய்ஞ்சதும் அவளே சொல்லுவா." இன்னொரு காலையும் வெளியே வைத்தாள். வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

ஏனக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்போ அண்ணன்? அண்ணன் என்ன ஆனான் அண்ணி?"

ஜோனாஸுக்காகத்தானே இத்தனையும்! பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அவன் வரவில்லை. அவன் கால் இன்னும் எங்கோ உயிரோடுதான் நடந்துகொண்டிருக்கிறது. காலையில் என்றால் அந்தச் சேதி அவளைக் கொன்றிருக்கும். இப்போது அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை.

"உங்க அண்ணன் நல்லா இருக்காரு ஏனக். எங்கயோ நல்லா இருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்."

கொட்டகைக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. முற்றம் முழுக்கப் பனி. ஒபதியாவும் டைனாவும் திரும்பிப் பார்க்காமல் கீழ்ப்பாதையில் விறுவிறுவென்று போனார்கள். ஏனக் முற்றத்தில் பாதி தூரம் போய்விட்டு நின்றான். ஹெஸ்டர் கொட்டகை வாசலைவிட்டு இறங்கி மிகச் சின்ன எட்டுகளாக வைத்து வந்துகொண்டிருந்தாள். வலது கையைக் கொஞ்சம் தாழ்த்தி, விரல்களை லேசாக மடக்கி வைத்திருந்தாள்.

"சீக்கிரம் வாங்க அண்ணி, குளிரு கொல்லுது!"

"நீ போ தம்பி," என்றாள் ஹெஸ்டர். "நாங்க மெதுவா வர்றோம்."